ஏரியல் கம்பியும் அஞ்சலட்டையும்

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில் வழியாக மீமிசல் போகிற சாலையில், கடலுக்குச் சற்று முன்னால், ஒரு வீட்டு மொட்டைமாடியில் மூங்கில் கழி ஒன்று நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து எதிரே இருக்கும் பனைமரம் வரை இருபது மீட்டர் நீளத்துக்குச் செப்புக் கம்பி ஓடுகிறது. இரு முனையிலும் பழைய பீங்கான் உருளைகள். கழியின் பக்கமிருந்து இறங்கும் இன்னொரு கம்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசைமேல் இருக்கும் ரேடியோவின் முதுகில் சேர்கிறது. எர்த் கம்பி கொல்லையில் உள்ள அடிபம்பின் இரும்புக் குழாயில் சுற்றியிருக்கிறது. வீட்டுக்காரர் கிளை அஞ்சலகம் ஒன்றை முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்து ஓய்வுபெற்றவர். “காத்துல அறுந்தா அன்னிக்கே ஏறிக் கட்டிருவேன் தம்பி. கஜா புயலுக்கு மட்டுந்தான் மூணு நாளாச்சு” என்றார்.

இப்படித் தூரத்துச் சிற்றலை வானொலிகளைத் தேடிக் கேட்பதை உலகம் ‘டிஎக்சிங்’ என்கிறது. ‘டி’ தூரத்தைக் குறிக்கும். ‘எக்ஸ்’ இன்னதென்று தெரியாததைக் குறிக்கும். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளின்படி இது ஒரு வேட்டை. இன்றைக்கு எத்தனை நாடு பிடித்தோம், எத்தனை அட்டை சேர்ந்தது, எவ்வளவு சின்ன ஒலிபரப்பி எவ்வளவு தொலைவிலிருந்து காதில் விழுந்தது என்பதுதான் கணக்கு. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தால் பாதிக்கு மேல் பிடிபடாமல் போகிறது. இங்கே பெரும்பாலானவர்கள் நாடுகளை எண்ணவில்லை. பெய்ஜிங்கிலும் மாஸ்கோவிலும் மணிலாவிலும் லண்டனிலும் தமிழ் பேசியவர்களைத் தேடினார்கள். தேடிக் கண்டுபிடித்ததும் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டார்கள். கேட்பது பாதி, எழுதுவது மீதி. இந்த இரண்டாவது பாதியைக் கணக்கில் எடுக்காமல் தமிழ்நாட்டுச் சிற்றலை நேயர்களைப் பற்றி எழுதப்படும் எதுவும் முழுமையாகாது என்பது என் கருத்து. இந்தப் பழக்கம் ஏன் தழைத்தது, ஏன் தளர்ந்தது என்ற கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். புதுக்கோட்டை நகரிலிருந்து நேர்க்கோட்டில் சென்னை ஏறக்குறைய 340 கிலோமீட்டர், கொழும்பு ஏறக்குறைய 400. திருகோணமலையோ சென்னையைவிடத் தொலைவில் இல்லை. மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடற்கரை ஊர்கள். அங்கிருந்து பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மத்திய அலை உப்புநீரின் மேல் தரையைவிட நெடுந்தூரம் வலுக்குன்றாமல் போகும். அதனால் இந்தக் கரைக்கு இலங்கை வானொலி அடுத்த தெருவில் பாடுவது போலக் கேட்டது. இங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் உண்டு. பின்னாளில் வளைகுடாவுக்குப் போனவர்கள் உண்டு. வெளிநாடு என்றால் இங்கே அத்தை மகன் இருக்கிற இடம். அங்கிருந்து வரும் ஓசைக்குக் காது கொடுப்பதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பக்கத்துக் கொழும்பு கேட்டதற்குக் கடல் காரணம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெய்ஜிங் கேட்டதற்கு வானம் காரணம். சூரிய ஒளி பட்டு மேல்வளிமண்டலத்தில் மின்துகள்கள் பிரிகின்றன. அந்த அயனி மண்டலத்தை அடுக்குகளாகப் பிரித்து, கீழிருந்து மேலாக டி, இ, எஃப் என்று எழுத்திட்டிருக்கிறார்கள். எஃப் அடுக்கு சிற்றலையைக் கண்ணாடிபோல் வளைத்துத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரு தாவலில் அதிகமாகப் போனால் நாலாயிரம் கிலோமீட்டர். தரையில் பட்டு மீண்டும் மேலே போய் இன்னொரு தாவல். மணிலாவிலிருந்து நம் ஊருக்கு இரண்டு தாவல் போதும். டி அடுக்கு அலையை உறிஞ்சிக்கொள்ளும். அது பகலில் மட்டுமே இருப்பதால் பொழுது சாய்ந்ததும் தூரத்து நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மார்க்கோனி 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பியபோது அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டே கென்னலியும் ஹெவிசைடும் மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். ஆப்பிள்டன் 1924இல் அதைச் சோதனையால் நிறுவி, 1947இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா இந்தத் துறைக்கே அடிப்படையான நூலை எழுதினார்.

அந்த அஞ்சல்காரருக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தேவைப்படவில்லை. இருட்டினால் 49, 41, 31 மீட்டர், பகலில் 19, 16, 13 மீட்டர் என்பது அவருக்கு உழவர்க்குப் பட்டம் தெரிவது போல. ஒருமுறை நான் கேட்டேன்: பக்கத்துத் திருகோணமலையில் ஜெர்மன் வானொலியின் பெரிய மறு ஒலிபரப்பு நிலையம் இருந்ததே, அது ஏன் சில நேரம் மங்கலாகவும் மணிலா தெளிவாகவும் கேட்டது? “அது நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயிருது தம்பி. நமக்குப் பக்கத்துல இருக்கறவன் நமக்காகப் பேசல” என்றார். தாவும் அலை முதன்முதலாகத் தரையைத் தொடும் இடத்துக்கு உட்பட்ட வட்டத்தில் அது சரிவரக் கேட்காது என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிறப்பு இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்ததால்தான். இந்தக் கோட்டின் பக்கத்தில் சூரியன் மறைந்த பிறகு எஃப் அடுக்கு சட்டென்று மேலேறிக் கலங்கும்; உள்ளே குமிழிகள் போலப் பள்ளங்கள் உண்டாகும். சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில், பங்குனி, புரட்டாசி வாக்கில் இது கூடுதல். அப்போது தூரத்து நிலையத்தின் குரல் ஓடைநீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல் போல நடுங்கும். ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழுதுபார்க்க எடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். லண்டன்காரருக்கோ டோக்கியோக்காரருக்கோ இந்த நடுக்கம் இந்த அளவுக்குப் பழக்கமில்லை.

கேட்பதைக் குறித்து வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. அவர் நோட்டில் தேதி, உலக நேரம், கிலோஹெர்ட்ஸ், மொழி, பிறகு ஐந்து எண்கள். சமிக்ஞை வலிமை, பக்கத்து நிலையத்தின் இடையூறு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 55555 என்றால் உள்ளூர் நிலையம் போல. 34233 என்று எழுதியிருந்தால் இடையூறு குறைவு, இரைச்சல் அதிகம், காது கொடுத்தால் புரியும் என்று பொருள். நிலையத்துக்கு அனுப்பும் ஒலித்தர அறிக்கையில் இந்த எண்களோடு, குறைந்தது பதினைந்து நிமிட நிகழ்ச்சியின் விவரமும் வேண்டும். ‘பாட்டுப் போட்டார்கள், செய்தி வாசித்தார்கள்’ என்றால் செல்லாது. யார் பேசினார், எதைப் பற்றி, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்று எழுத வேண்டும். சரிபார்த்து உண்மை என்று கண்டால் நிலையம் ‘கியூ.எஸ்.எல்.’ அட்டை அனுப்பும். நம் நேயர்கள் அதற்கு ‘வண்ண அட்டை’ என்று பெயர் வைத்தார்கள். கறுப்பு மையும் பழுப்புக் காகிதமுமே பழகிய ஊரில் மாஸ்கோவின் கோபுரமும் பெய்ஜிங்கின் மதிலும் பளபளவென்று வந்து இறங்கினால் வேறென்ன பெயர் வரும்?

அஞ்சல் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி மறுபடி அனுப்புவதைத் தமிழ் வானொலியில் ‘அஞ்சல் செய்வது’ என்பார்கள். தபாலும் அஞ்சல்தான். லண்டனில் பேசிய குரல் சிங்கப்பூரின் கிராஞ்சியிலோ ஓமானிலோ இருந்த அஞ்சல் நிலையத்தில் ஏறி நம் ஊர் வந்தது. அதற்குப் பதில் நம் ஊர் அஞ்சலகத்தில் ஏறி லண்டன் போனது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த தமிழ், இந்தப் பொழுதுபோக்கின் இரண்டு பாதியையும் ஒன்றாகப் பார்த்துவிட்டது.

வரலாற்றுக்கு வருவோம். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939 மே 16இல் வந்தது. அது நமக்கு வீட்டு வானொலி. ஆனால் தூரத்துக் காதை நமக்குப் பழக்கியது இலங்கை. கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த வலுவான சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு பிறந்தது. இதற்கிடையே டெல்லியில் பி.வி. கேஸ்கர் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஓரங்கட்டப்பட்டது. பாட்டைத் தேடி நாடே கொழும்புக்கு முள்ளைத் திருப்பியது. அந்த இழப்பை ஈடுகட்டவே 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. அதுவும் பம்பாய், சென்னைச் சிற்றலை ஒலிபரப்பிகள் வழியாகத்தான் முதலில் வந்தது. அதற்குள் தமிழர் காது கொழும்புக்குப் பழகிவிட்டது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல்களாகவே இருந்தன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ எந்த வீட்டிலிருந்து கேட்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லா வீட்டிலிருந்தும் கேட்கும்.

ரேடியோ வாங்க முடியாதவர்களுக்கு ஊராட்சிப் பூங்காவில் ரேடியோ ரூம் இருந்தது. வீட்டில் வைத்திருப்பவர்கள் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும்; எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோக்கள் போய் டிரான்சிஸ்டர் வந்ததும் ‘ரெண்டு பேண்டு, மூணு கட்டை’ என்று சந்தையிலேயே பேசிக்கொண்டார்கள். பேண்டு இரண்டானால் இரண்டாவது சிற்றலை. அந்த இரண்டாவது பேண்டில் பொத்தானை அழுத்திவிட்டு அங்கே என்ன இருக்கிறது என்று துழாவியவர்கள்தான் நம் முதல் டிஎக்ஸர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது.

துழாவியபோது என்ன கிடைத்தது? பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று வாரம் ஒருமுறை வரும் செய்தி மடலாகத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டார். ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலைத் தமிழுக்குத் தந்தவரும் அவரே. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. அங்கே சீனர்களே தமிழ் கற்று, கலைமகள், கலையரசி என்று தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு பேசினார்கள். மாஸ்கோ வானொலியும் தமிழ் பேசியது. பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ், ரோமிலிருந்து வத்திக்கான், சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபெபா என்று சமய நிலையங்களும் உண்டு. இவற்றில் எதையும் யாரும் நம் ஊரில் விளம்பரம் செய்யவில்லை. ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனவை இவை. டீக்கடையில் அலைவரிசை எண்ணைச் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இவை பிரச்சாரம்தானே என்பது அன்றிலிருந்து இன்றுவரை எழும் மறுப்பு. பனிப்போர்க் காலத்தில் அரசுகள் சிற்றலைக்குப் பணத்தைக் கொட்டியது தமிழ் நேயர்கள்மேல் கொண்ட அன்பினால் அல்ல என்பது உண்மையே. ஆனால் ஒரே இரவில் மாஸ்கோ, பெய்ஜிங், லண்டன், டெல்லி நான்கையும் கேட்கிறவரை ஏமாற்றுவது எளிதா? ஒரே செய்தி நான்கு விதமாக வருவதை அவர்கள் காதாலேயே அறிந்தார்கள். 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி காலையில் சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதாகப் பிபிசி பிற்பகலிலேயே சொல்லிவிட்டது. அகில இந்திய வானொலி மாலை 6 மணிக்குத்தான் சொன்னது. அந்த இடைவெளியில் சிற்றலை பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு முன்னால் ஊரே நின்றது. ஈழப் போர்க்காலம் முழுவதும் இரவு 9.15க்குத் தமிழோசை கேட்காமல் இந்தக் கரையில் பலர் படுத்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது மறுநாள் வலையை எடுக்கலாமா என்பதோடு சேர்ந்த கேள்வி. பல குரல்களை ஒப்பிட்டுக் கேட்கும் இந்தப் பயிற்சி எந்தப் பள்ளியிலும் கிடைக்காதது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனிக் கடிதம். தூரத்து நிலையத்துக்குத் தன்னை யார் கேட்கிறார்கள் என்று அறிய வேறு வழியே கிடையாது. செய்தித்தாளுக்கு விற்பனைக் கணக்கு உண்டு, திரையரங்குக்கு டிக்கெட் உண்டு. சிற்றலைக்குக் கடிதம் மட்டும்தான். ஆண்டுக்கு எத்தனை கடிதம் வந்தது என்பதை வைத்துத்தான் ஒரு மொழிப் பிரிவு தன் மேலிடத்தில் தன் இருப்பை நியாயப்படுத்தியது. ஆக, கறம்பக்குடியிலிருந்தோ கீரமங்கலத்திலிருந்தோ போன ஓர் அஞ்சலட்டைக்கு வேற்று நாட்டு அலுவலக மேசையில் எடை இருந்தது. தமிழ் நேயர்கள் அதை உணர்ந்து எழுதினார்கள். தனியே எழுதுவது போதாதென்று நேயர் மன்றம் கட்டினார்கள். ரப்பர் முத்திரை செய்தார்கள். ஆண்டுக் கருத்தரங்கு நடத்தினார்கள். சீன வானொலிக்கு மட்டுமே தமிழகமெங்கும் மன்றங்கள் இருந்தன.

எங்கள் அஞ்சல்காரர் இந்தப் பழக்கத்துக்கு வந்ததே பையைப் பிரித்தபோதுதான். அவர் பார்த்த கிளை அஞ்சலகத்துக்கு வளைகுடாக் கடிதமும் சிங்கப்பூர்க் கடிதமும் வருவது வழக்கம். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் பெயருக்குப் பெய்ஜிங்கிலிருந்து உறை வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அவள் தெருவிலேயே பிரித்தாள்; உள்ளே ஒரு நாட்காட்டியும் காகிதத்தைக் கத்தரித்துச் செய்த பூ வேலையும் இருந்தன. “அன்னிக்கு ராத்திரி அந்தப் பிள்ளை வீட்டு வாசல்ல உக்காந்து நானும் கேட்டேன். அவ பேரு, அப்பா பேரு, ஊர்ப் பேரு எல்லாத்தையும் அந்தச் சீனத்தம்மா வாசிச்சுச்சு. எங்க ஊருக்கு பஸ்ஸே ரெண்டு நேரந்தான். அந்தப் பேரு அங்க போயிருச்சு.” மாவட்ட வரைபடத்திலேயே புள்ளியில்லாத ஊரின் பெயர் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து திரும்பி வந்து காதில் விழுவது என்ன உணர்வைத் தரும் என்பதை, பெரிய ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்குவது கடினம். பெண்கள் வெளியே போய்ப் பேச இடமில்லாத காலத்தில் வானொலிக் கடிதம் ஒன்றே அவர்கள் பெயர் பொதுவில் ஒலிக்க வழியாயிருந்தது என்பதும் தனியே ஆராய வேண்டியது.

இப்படிப் பார்த்தால் வீழ்ச்சியின் கதை வேறு மாதிரித் தெரிகிறது. எஃப்.எம். வந்தது, தொலைக்காட்சி வந்தது, கைபேசி வந்தது, ஆகவே கேட்பவர்கள் போய்விட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் பாதி உண்மைதான். கேட்பவர்கள் குறைந்தார்கள், ஆனால் பல இடங்களில் அதற்கு முன்பே பேசுபவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மாஸ்கோ வானொலியாக இருந்த ரஷ்யாவின் குரல் 2014இல் சிற்றலையை நிறுத்தியது. ஆஸ்திரேலிய வானொலியின் சிற்றலை 2017 ஜனவரியோடு போயிற்று. தமிழோசை 2017 ஏப்ரல் 30 இரவோடு முடிந்தது. வேரித்தாஸ் 2018இன் நடுவில் சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறியது. நம் அகில இந்திய வானொலியும் சிற்றலை ஒலிபரப்பிகள் பலவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தியது. மின்னஞ்சல் வந்த பிறகு கடிதம் எண்ணும் வழக்கமும், வாசிக்கும் வழக்கமும் தேய்ந்தன. கடிதம் போட முகவரியில்லை என்று ஆனபோது நம் நேயர் பலர் ரேடியோவை அலமாரியில் ஏற்றினார்கள். வேட்டைக்காரராக இருந்திருந்தால் வேறு இரையைத் தேடியிருப்பார்கள். அவர்கள் வேட்டைக்காரர்கள் இல்லை.

மிச்சமிருந்தவர்களுக்கு இரைச்சல் பகையானது. எல்.இ.டி. பல்பு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர், சூரியத் தகட்டின் மின்னோட்ட மாற்றி ஆகிய ஒவ்வொன்றும் சிற்றலை முழுக்கக் கரகரப்பைப் பரப்புகிறது. பழைய குண்டு பல்புக் காலத்தில் கேட்ட நிலையம் இன்று அதே ரேடியோவில் அதே கம்பியில் கேட்காது. வானம் மாறவில்லை, வீடுகள் மாறிவிட்டன.

இதை நான் என் காதால் அறிந்தது 2018 நவம்பரில். 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையேறி இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் ஒரு தலைமுறையின் தென்னை ஓர் இரவில் சாய்ந்தது. மின்கம்பங்கள் வரிசையாகக் கிடந்தன; பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரமில்லை. கைபேசிக் கோபுரங்களும் ஊமையாயின. மூன்றாம் நாள் இரவு உறவினர் வீட்டு முற்றத்தில், விழுந்து கிடந்த தென்னையின்மேல் உட்கார்ந்து பழைய டிரான்சிஸ்டரைத் திருப்பினேன். செய்திக்காகத்தான் திருப்பினேன். ஆனால் சிற்றலைக்குப் போனபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கரகரப்பு அறவே இல்லை. நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையே சுத்தமான அமைதி. அந்த அமைதிக்குள் மெல்லிய குரல்கள், ஏதோ ஓர் அரபுப் பாட்டு, சீன நேர நிலையத்தின் நொடித் துடிப்பு. நாற்பது ஆண்டுக்கு முன் என் தாத்தா கேட்ட வானம் அப்படியே மேலே இருந்தது. அத்தனை இழப்புக்கு நடுவில் அதை ரசித்ததற்காக அன்றைக்கு மனம் உறுத்தியது. இன்றும் அதை நினைத்தால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

பேரிடர் நேரத்தில் கோபுரமும் மின்கம்பியும் வேண்டாத ஊடகம் இது என்பதை உலகம் மறந்துவிடவில்லை. உக்ரைன் போர் மூண்டபோது 2022 மார்ச்சில் பிபிசி அங்கே கேட்கும்படி சிற்றலையைத் திரும்பத் திறந்தது. 2023இல் சூடானுக்கும் அப்படியே செய்தது. புயல் அடிக்கடி தாக்கும் கரையில் இருக்கும் நாம், இருந்த ஒலிபரப்பிகளை நிறுத்துமுன் இதை யோசித்திருக்க வேண்டும்.

தூரத்து வானொலி கேட்பது இன்றும் நடக்கிறது, வேறு உருவில். சென்னையின் ஆர்டிக் டிஎக்ஸ் கிளப் ‘சர்வதேச வானொலி’ என்று தமிழிலேயே இதழ் நடத்தியது. அதை முன்னின்று நடத்திய தங்க. ஜெய்சக்திவேல் இந்தத் துறையைக் கல்லூரி வகுப்பறை வரை கொண்டுபோனார். கணினியில் செருகும் சின்னக் கட்டை ஒன்றே ரேடியோவாகிவிட்டது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்து ரேடியோவை இங்கிருந்தே இணையத்தில் திருப்பலாம். இதுவும் டிஎக்சிங்தானா என்று நேயர்களுக்குள் வாதம் ஓய்வதில்லை. என் தீர்ப்பு ஒன்றுதான்: அங்கே கேட்பது அந்த ஊர் வானம். நம் ஊர் வானத்தைக் கேட்க நம் ஊர்க் கம்பி வேண்டும். காந்த நடுக்கோட்டின் பக்கத்தில், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கம்பியில் எடுத்த குறிப்புகள் அறிவியலுக்கும் உதவும். 2019 டிசம்பர் 26 காலையில் வளையச் சூரியகிரகணம் புதுக்கோட்டை வழியாகத்தான் போனது. எல்லாரும் கண்ணாடி வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதரை மணிக்கு, அஞ்சல்காரர் மத்திய அலையில் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தார். காலை ஏழரைக்குள் மங்கிப்போகும் தூரத்து நிலையம் ஒன்று மெல்ல எழுந்து வந்து, பத்து மணி சுமாருக்கு மறுபடி அமுங்கியது. நிழல் பட்டதும் டி அடுக்கு மெலிந்ததை அவர் நோட்டு நிமிடக் கணக்கில் சொல்கிறது.

இந்த நோட்டுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மாவட்டம் முழுக்க டிரங்குப் பெட்டிகளில் வண்ண அட்டைகளும் கார்பன் வைத்து எடுத்த கடிதப் படிகளும் மன்றத் தீர்மானங்களும் கரையான் வாயில் கிடக்கின்றன. நிலையங்கள் தங்களுக்கு வந்த கடிதங்களைக் காத்ததாகத் தெரியவில்லை. அனுப்பியவர்களிடம் இருக்கும் படிதான் மிச்சம். எழுபதுகளிலிருந்து ஒரு கிராமத்தார் உலகத்தைப் பற்றி என்ன கேட்டார்கள், என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் கையெழுத்திலேயே சொல்லும் ஆவணம் வேறெங்கே இருக்கிறது? திருக்கோகர்ணத்தில் 1910இலிருந்து அருங்காட்சியகம் இருக்கிற மாவட்டம் இது. ஞானாலயா போன்ற நூலகத்தைத் தனிமனித முயற்சியாகவே கட்டியெழுப்பிய நகரம் இது. குடுமியான்மலையில் இசையின் சுரங்களைக் கல்லில் வெட்டி ஆயிரத்து முந்நூறு ஆண்டு காத்த மண். காற்றில் வந்த ஒலியைத் தாளில் பிடித்தவர்களின் குறிப்புகளுக்கு இங்கே ஓர் அலமாரி கிடைக்க வேண்டும். அதுவரை கைபேசியில் படம் எடுத்தாவது வைக்கலாம் என்று சென்ற கோடையில் அஞ்சல்காரர் வீட்டிலிருந்தே தொடங்கினேன்.

கோடு போட்ட எண்பது பக்க நோட்டுகள், மொத்தம் நாற்பத்தொன்று. பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டு போனேன். பெரும்பாலான வரிகளின் ஓரத்தில் சின்னதாக ஒரு சரிக்குறி. அட்டை வந்துவிட்டது என்று பொருள். 1989 ஜனவரியில் ஒரு வரியில் மட்டும் சரிக்குறி இல்லை. 25 மீட்டர், 34233, பெண் குரல், மொழி என்ற இடத்தில் கேள்விக்குறி. குறிப்பு என்ற இடத்தில், ‘தாலாட்டு மாதிரி’ என்று எழுதியிருந்தது. படம் எடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனேன். அவர் கையை நீட்டி நோட்டைப் பிடித்துக்கொண்டார். “இது இன்னும் தெரியல தம்பி” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி ரேடியோவைப் போட்டு, 25 மீட்டருக்கு முள்ளைக் கொண்டுபோனார்.